நான்கு நொடி

வலது இறக்கை உடலோடு சேருமிடம்,
பதினான்காம் வரிசைச் சன்னலுக்கு நேர் கீழே
விசில் அடிக்கிறதாம்.
புகார் இவ்வளவுதான். கூடவே ஓர் ஒலிப்பதிவு.

சேதராப்பட்டு. மதியம் மூன்று மணி.
ஏ.சி. அறையில் ஆறு பேர்
ஒரு கைப்பேசியைச் சுற்றிக் குனிந்து கேட்டோம்.
எஞ்சின் இரைச்சலுக்கு அடியில்
மெலிசாக, விடாமல்,
குக்கர் கூவுவதற்கு முந்தின மூச்சு.
'சுதியில்தான் இருக்கு' என்றான் திருக்காமு.
யாரும் சிரிக்கவில்லை.

அது நாங்கள் அச்சடித்த ரப்பர்.
அச்சு என்றால் காகிதத்தில் இல்லை.
மருந்தூசியைவிடச் சற்றே பருத்த மூக்கு
சிலிக்கானைக் கோடு கோடாக இழுத்துப்போகும்.
அதன்மேல் கண்ணாடி நார், சாய்வாக.
மறுபடி சிலிக்கான்.
மறுபடி நார், எதிர்ச்சாய்வில்.
கோலம் மாதிரி என்று பார்க்க வருகிறவர்கள் சொல்வார்கள்;
எனக்கு எரிச்சல் வரும்.
கோலம் பிசகினால் காலால் அழித்துவிடலாம்.

இதன் வேலையைச் சொல்வது சுலபம்:
அசைகிற இரண்டு தகடுகளுக்கு நடுவே
தானும் அசைந்துகொண்டே
அடைத்துக்கொண்டிருக்க வேண்டும்.
தரையில் ஓடுபாதை வெயில்,
மேலே மைனஸ் ஐம்பத்தைந்து.
ஒழுங்காக இருந்தால்
இப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது.

திரும்பி வந்த துண்டு
அட்டைப்பெட்டியில் அழுக்கேறிக் கிடந்தது.
அமலோர்பவம் வளைவை நறுக்கி
நுண்ணோக்கியில் வைத்தாள்.
இருபத்திரண்டு அடுக்கு.
பதினெட்டுக்கும் பத்தொன்பதுக்கும் இடையில்
நார் தொய்ந்து,
எள்ளில் பாதிகூட இல்லாத ஓர் இடம்
காலியாக இருந்தது.

இயந்திரத்தின் பதிவைத் திறந்தோம்.
ஐப்பசி மழை ராத்திரி, மணி இரண்டு நாற்பத்தொன்று.
மின்சாரம் போய் ஜெனரேட்டர் பிடிக்க
நான்கு நொடி.
'தொடரலாமா?' என்று திரை கேட்டிருக்கிறது.
தொடர் என்று அழுத்தியவர்:
கே. கோகிலாம்பாள், இரவு ஷிஃப்ட்.

நான்தான்.

தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகும் நேரம்.
அதற்குள் மூக்கில் அழுத்தம் இறங்கியிருக்காது
என்று நினைத்தேன்.
நினைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது.
எட்டு மணி நேரம் ஓடிய துண்டு,
இன்னும் ஒன்றரை மணி வேலை,
விரல் தானாகப் போயிற்று.

விமானத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.
சோதனைப் பறப்பு அது.
பதினான்காம் வரிசையில் இருந்தவர்
ஒரே ஒரு பொறியாளர்,
காது கூர்மையானவர்.
அவர் கண்ணயர்ந்திருந்தால் என்கிற கேள்வியோடு
வில்லியனூர் பஸ்ஸில் தினமும் போய் வருகிறேன்.

யாரும் திட்டவில்லை. அதுதான் கஷ்டம்.
செயல்முறைக் கோப்பில் ஒரு வரி கூடியது,
ஏழு புள்ளி நான்கு:
மின்தடை எத்தனை சிறிதானாலும் துண்டைக் கழிக்கவும்.
அதில் என் பெயர் இல்லை.
படிக்கிறபோது எனக்கு மட்டும்
விசில் கேட்கிறது.

நேற்று ராத்திரி ஊசுட்டேரிப் பக்கம் இடி இறங்கிற்று.
விளக்கு ஒருமுறை இமைத்தது. ஒரே நொடி.
ஒன்பது மணி நேரத் துண்டு,
இருபது நிமிடத்தில் முடிந்துவிடும்.
'அக்கா' என்றான் திருக்காமு.
மேலே ஒன்றும் சொல்லவில்லை.
கத்தியை எடுத்தேன்.
லேசில் அறுபடவில்லை.
நார் ஒவ்வொரு அடுக்கிலும் கரகரவென்று மல்லுக்கு நின்றது.
அவ்வளவு நன்றாகப் பிடித்திருந்தது.

காலையில் வாட்ச்மேன் பாவாடைராயன்
கழிவுத் தொட்டியிலிருந்து ஒரு முழம் எடுத்துத்
தன் கூண்டின் கதவடியில் செருகியிருந்தார்.
வெளியே கணுக்கால் தண்ணீர்.
உள்ளே தரையில் விரித்த பேப்பர்கூட நனையவில்லை.
'ஒரு சொட்டு வரலம்மா.
இதுல என்ன குறைன்னு அறுத்துப் போட்டீங்க?'

'ஒரு நொடி' என்றேன்.

சரியென்று
அவர் காத்திருந்தார்.